மூன்று விரலுக்கு ஒரு கைப்பிடி

நடந்தது வரிசையாக:

1. போன வருடம் ஐப்பசி மழை நேரம், தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலரில் அப்பாவின் வலது கை மாட்டியது. சுண்டு விரலும் மோதிர விரலும் போயின.
2. தவக்காலத்துக்கு முன்பு கோயிலில் பாஸ்கு கமிட்டி கூடியது. பதினொரு வருடமாக அப்பா போட்டு வந்த படைத் தலைவர் வேடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது.
3. வாளைப் பிடிக்க முடியாவிட்டால் தானே விலகிக்கொள்வதாக அப்பா சொன்னார். குருத்து ஞாயிறு ஒத்திகையில் பார்த்து முடிவெடுப்பது என்று ஆனது.
4. பழைய வாளை அப்பா வீட்டுக்கு எடுத்து வந்து பிடித்துப் பார்த்தார். இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாவது முறை அவர் எடுக்கவில்லை.
5. புது வாள் செய்து தருகிறேன் என்று நான் சொன்னேன்.
6. செய்தேன். இரண்டு பிழை விட்டேன். ஒன்று பித்தளையில், மற்றது அளவில்.

ஸ்டோர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. பாஸ்கு என்பது பெரிய வெள்ளிக்கிழமை அன்று ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டுவது. எங்கள் தோட்டம் தெமோதரைக்கு மேலே இருக்கிறது. கீழ் டிவிஷன் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தொடங்கும் ஊர்வலம், தேயிலை மலையைச் சுற்றி ஏறும் ரோட்டில் கோயில் வரை போகும். பாதி வழியில் ஒரு பெரிய வளைவு உண்டு. அங்கே பெண்கள் கூட்டம் அழுதுகொண்டு சிலுவையை நோக்கி ஓடிவரும். படைத் தலைவர் ரோட்டுக்குக் குறுக்கே வாளை நீட்டி அவர்களை மறிப்பார். பாடகர் குழு நாலு சரணம் பாடி முடிக்கும் வரை வாள் நெஞ்சு உயரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அந்த வேடத்துக்கு வசனம் நாலு வரிதான். வேடமே அந்த வாளை நீட்டிப் பிடிப்பதுதான்.

இடது கையால் பிடிக்கலாமே என்று உபதேசியார் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அவர்தான் பாஸ்கு கமிட்டிக்குத் தலைவர். அந்த வளைவில் மண்மேடு இருக்கிற பக்கம் அப்படி. இடது கையால் நீட்டினால் சனத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். "முதுகுக்கா இத்தன வருசம் வேசம் கட்டினேன்" என்று அப்பா வீட்டில் வந்து சொன்னார்.

நான் பதுளையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திர வேலைப் பயிற்சி முடித்தவள். எந்த வேலையையும் தொடங்கும் முன் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்வேன். வாளுக்கும் எழுதினேன்.

பழைய வாள் தட்டை இரும்பில் அடித்தது. விரல் நுனியில் வைத்து நிறை நிற்கும் இடத்தைப் பார்த்தேன். கைப்பிடியிலிருந்து ஒன்றரைச் சாண் முன்னால் இருந்தது. நீட்டிப் பிடிக்கும்போது அவ்வளவு பாரமும் நுனியைக் கீழே இழுக்கும், கைப்பிடியின் பின்பக்கம் உள்ளங்கையை விட்டு நழுவப் பார்க்கும். நழுவாமல் வைத்திருப்பவை கடைசி இரண்டு விரல்கள். அப்பாவிடம் இல்லாதவை அவைதான். ஆகவே அலகு அலுமினியமாக இருக்க வேண்டும். கைப்பிடியின் அடிக் குமிழ் கனமாக இருந்தால் நிறை கைக்குப் பக்கத்தில் வரும். குறுக்குப் பட்டைக்குக் கீழே ஆட்காட்டி விரல் நுழைய ஒரு வளையம் வைத்தால் கைப்பிடி நழுவாது. பிடிமரத்தை அப்பாவின் கை எப்படி இருக்கிறதோ அப்படியே செதுக்க வேண்டும்.

கையின் அச்சை எடுக்க ரொட்டிக்குப் பிசைந்த கோதுமை மாவைத்தான் எடுத்தேன். ஒரு மூங்கில் குச்சியைச் சுற்றி மாவை அப்பிக் கொடுத்தேன். அப்பா இறுக்கிப் பிடித்தார். மூன்று விரல்களின் பள்ளமும், விரல் போன இடத்தில் இரண்டு ஆழமில்லாத குழியும் விழுந்தன. நான் தாளில் வரைந்து, கலிப்பர் வைத்து அளவெடுத்து முடிக்கும் வரை அம்மா அடுப்படியில் நின்றார்.

"முடிஞ்சுதா? ரொட்டி சுடணும்."

"அப்பா கைய கழுவித்தான் பிடிச்சாரு."

"தெரியும், நான்தான் தண்ணி ஊத்தினேன். மாவ குடு."

அன்றைக்கு விடிகாலை ஐந்தே முக்கால். வேலைக்குப் போகும் முன் எல்லாம் முடித்துவிட்டேன் என்று எனக்குத் திருப்தி. நேரத்தையும் தாளில் குறித்திருக்கிறேன்.

அடுத்தது பித்தளை. குறுக்குப் பட்டைக்கும் விரல் வளையத்துக்கும் ஐந்து மில்லிமீட்டர் தடிப்பில் தட்டைப் பித்தளை தேவை. பட்டறையில் உருளைத் துண்டுகள் கிடந்தன, தட்டை இல்லை. தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் பழைய இரும்பு போடும் இடத்தில் நீளமான பித்தளைப் பட்டைகள் கிடப்பது ஞாபகம் வந்தது. ஸ்டோர் ஐயாவிடம் கேட்டேன். "ஒண்ணு எடுத்துக்க" என்றார். தடிப்பைப் பார்த்தேன், சரியாக இருந்தது. எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பட்டறை முதலாளி அப்போது ரமழான் நோன்பில் இருந்தார். எனக்குத் தவக்காலம். பகலில் நான் தேத்தண்ணி குடிப்பதென்றால் பின்பக்கம் போய்க் குடிப்பேன். வேலை முடிந்த பிறகு வைஸையும் லேத்தையும் என் வேலைக்குப் பாவிக்க விட்டிருந்தார். முதல் நாள் பட்டையை அறுப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன தங்கச்சி, யாருக்கு வாள்? பொண்ணு பாக்க வாறவங்களுக்கா?"

"அப்பாவுக்கு, முதலாளி."

"அப்பாட கையிலயா? அப்ப ஒரு மாப்புளயும் தெமோதரப் பக்கம் வரமாட்டான்."

குறுக்குப் பட்டையின் நடுவில், கைப்பிடிக்குள் போகும் அலகின் வால் நுழைய ஒரு நீள்சதுரத் துளை வேண்டும். வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, இடைச் சுவர்களைத் தட்டி எடுத்துவிட்டு, மெல்லிய அரத்தால் ராவினேன். எங்கே இடிக்கிறது என்று பார்க்க, அலகின் வாலை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் கறுப்பாக்கி உள்ளே தள்ளுவேன். வெளியே எடுத்தால் துளையின் சுவரில் கறுப்பு ஒட்டிய இடம் தெரியும். அந்த இடத்தை மட்டும் இரண்டு இழுவை ராவுவேன். மறுபடி புகை, மறுபடி தள்ளல். பதினெட்டோ பத்தொன்பதோ தடவை. கடைசியில் மரச் சுத்தியலால் தட்டினால்தான் உள்ளே போகும் என்கிற அளவுக்கு வந்தது. ஆட்டினேன், அசையவில்லை. பிடிமரத்தின் வாய் பிளக்காமல் இருக்க ஒரு பித்தளைப் பூண் கடைந்து ஏற்றினேன். அடிக் குமிழை ஒரு பழைய இயந்திரத்தின் கனமான புஷ்ஷிலிருந்து கடைந்து, உள்ளே மரை வெட்டி, நட்டு மாதிரி முறுக்கி இறுக்கும்படி வைத்தேன். எதையும் கழற்றிப் பார்க்கலாம்.

நிறை இப்போது குறுக்குப் பட்டையிலிருந்து மூன்று விரல் அகலத்தில் நின்றது. எனக்கு அது போதும்.

ஒத்திகைக்கு எட்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, பாதி மினுக்கிய நிலையில் வாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கை பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். அப்பா வாங்கினார். விரலை வளையத்தில் விடவில்லை. குறுக்குப் பட்டையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே இரண்டு திருகாணித் துளைகள் இருந்தன. துளையைச் சுற்றி இன்னும் மினுக்காத இடத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கறை.

"எங்க எடுத்த பட்ட இது?"

"ஸ்டோருக்குப் பின்னால. ஐயாகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன்."

"ரோலர் மேசப் பட்ட."

"ஆமாப்பா."

கொழுந்து அரைபடும் மேசையின் மேல் பதிக்கிற பட்டைகள் அவை. தேய்ந்தால் கழற்றி மாற்றுவார்கள். எனக்குத் தெரியாதது இல்லை.

"பதினெட்டு வருசம் தொடச்சிருக்கேன் இத" என்றார் அப்பா. வாளை மேசைமேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். வெளியே போய் கோவாப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். காலையில் மழை பெய்த பாத்தி அது.

அம்மா என்னைப் பார்த்தார்.

"ஒலகத்துல ஒனக்கு வேற பித்தளையே கெடைக்கலையா?"

"தடிப்பு சரியா இருந்திச்சும்மா."

"தடிப்பு சரியா இருந்திச்சாம்" என்று அம்மா பானையிடம் சொன்னார்.

என் தாளை எடுத்துப் பார்த்தேன். பொருள், தடிப்பு, கிடைக்கும் இடம் என்று மூன்று கட்டம் போட்டு மூன்றையும் நிரப்பியிருந்தேன். அந்தப் பட்டையை யார் பார்க்கப் போகிறார் என்பதற்கு ஒரு கட்டம் போடவில்லை. நான் அவருடைய கையை மில்லிமீட்டரில் அளந்திருக்கிறேன். அந்தக் கை எங்கே மாட்டியது என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்கவில்லை. அவ்வளவுதான் அந்தப் பிழை.

குறுக்குப் பட்டையை இரும்பில் திரும்பச் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். அதற்கு ஒரு வாரம் இருந்தது. வளையமும் சேர்த்துச் செய்ய அந்த நேரம் போதாது என்பதும் தெரியும். திங்கட்கிழமை பின்னேரம் நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அப்பா கேட்டார்:

"எந்த ரோலரு?"

"என்னப்பா?"

"மூணு ரோலரு இருக்கு. எதுல கழட்டின பட்ட?"

தெரியவில்லை என்றேன். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஸ்டோரில் கேட்டேன். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் பட்டை மாற்றினார்கள், கழற்றியதை ஒன்றாகப் போட்டுவிட்டார்கள், இப்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள். வந்து அப்படியே சொன்னேன்.

அப்பா, "சரி, அதையே வையி. இரும்பு வேணாம், கனம்" என்றார். "அந்த ரெண்டு ஓட்டையையும் அடச்சிரு. ஓட்ட இருந்தா என் கண்ணு அங்கதான் போவும். சனத்தப் பாக்கணும் நான்."

"அடைக்கலாம். அடைச்ச எடம் தெரியாம வர்றது கஷ்டம்."

"அது ஒன் வேல. பிடிக்கிறது என் வேல."

முதலில் பட்டறையில் கிடந்த பித்தளைக் கம்பியில் ஆணி கடைந்து அடைத்தேன். இரண்டு பக்கமும் தட்டி விரித்து, ராவி, மினுக்கினேன். பித்தளைக்குப் பித்தளை நிறம் மாறும் என்பதை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். பட்டை கொஞ்சம் சிவப்பு, கம்பி வெளிர் மஞ்சள். இரண்டு துளைகளும் முன்பைவிட நன்றாகத் தெரிந்தன. துளைத்து வெளியே எடுத்தேன். அதே பட்டையில் மிஞ்சிய துண்டிலிருந்து ஒரு குச்சி அறுத்து, அதை லேத்தில் உருட்டி, அதில் ஆணி செய்து திரும்ப அடைத்தேன்.

மினுக்குவதை மூன்று நாளாகப் பிரித்துக்கொண்டேன். முதலில் அரத்துக்குச் சோக் கட்டி பூசி, நீளவாக்கில் இழுத்து, ஆழமான கீறல்களை எடுத்தேன். சோக் பூசாவிட்டால் அரத்தின் பல்லில் பித்தளைத் தூள் அடைத்துப் புதுக் கீறல் போடும். பிறகு எமரித் தாள், நூற்றிருபதில் தொடங்கி அறுநூறு வரை. ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்ற வேண்டும். முந்தின தாளின் கோடு முழுவதும் மறையாமல் அடுத்ததற்குப் போனால், கடைசியில் அந்தக் கோடு மட்டும் கண்ணாடியில் கீறல் மாதிரி நிற்கும். சுழலும் துணிச் சக்கரமான பஃப் சில்லில் அதிக நேரம் வைக்கவில்லை. சில்லு அடைத்த துளையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து ஒரு வால் போட்டுவிடும். கடைசி மினுக்கலைத் துணியாலும் பொலிஷாலும் கையாலேயே செய்தேன். விரல் நுனி கறுத்து ஒரு வாரம் போகவில்லை.

முதலாளி கைவிளக்கை எடுத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"எங்க ஓட்டை?"

"நீங்களே காட்டுங்க."

ஒரு இடத்தைக் காட்டினார். தவறான இடம். "இனி விடுங்க தங்கச்சி, தேஞ்சு தகடாப் போயிரும்" என்றார்.

வீட்டில் அப்பா அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். ஆட்காட்டி விரலை வளையத்தில் விட்டு, கையை நீட்டினார். வாள் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா, "யார வெட்டப் போறீங்க, கலண்டரு விழுந்துரும்" என்றார். அதுவும் விடிகாலை.

குருத்து ஞாயிறு பின்னேரம் ஒத்திகை. நல்ல வெயில். அப்பா கேடயத்தோடும் வாளோடும் கீழ் டிவிஷனிலிருந்து நடந்து ஏறி வந்திருந்தார். வளைவில் நாங்கள் கூடி நின்றோம். அந்த வேடத்துக்கு அடுத்ததாகச் சொல்லியிருந்த முச்சக்கர வண்டிக்காரரும் வந்திருந்தார். நல்ல உயரம், நல்ல குரல். அப்பாவிடம் வந்து, "மாமா, நீங்க போட்டா நான் கூட்டத்துல ஒருத்தன். நீங்க போடலன்னா எனக்கு அந்தத் தொப்பி பத்தாது, தல பெருசு" என்றார்.

"தல பெருசுன்னு ஊருக்கே தெரியும்" என்றார் அப்பா.

பாட்டுத் தொடங்கியது. அப்பா வாளை நீட்டினார். முதல் சரணம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. நான் நுனியைப் பின்னால் இருந்த ஒரு தேயிலைச் செடியின் உச்சியோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதில் நாலு விரல் அளவு இறங்கித் திரும்ப ஏறியது. நாலாவது முடிந்தது.

"போதும்ணே, எறக்குங்க" என்றார் உபதேசியார்.

அப்பா இறக்கவில்லை.

"அண்ணே, பாட்டு முடிஞ்சிருச்சு."

"தெரியுது. வெரலு வரமாட்டேங்குது. மகள வரச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. முச்சக்கர வண்டிக்காரர்தான் அதிகம் சிரித்தார், அப்பாவும் சிரித்தார். நான் போய்ப் பார்த்தேன். விரல் வளையத்துக்குள் வீங்கி, கணு வெளுத்திருந்தது. பக்கத்து லயத்தில் சவர்க்காரம் வாங்கித் தடவி, திருகித் திருகி எடுத்தேன். எடுக்கும்போது அப்பா சிரிக்கவில்லை.

விடிகாலைக் குளிரில் அளந்த விரல் அது. எங்கள் குளிரில் மோதிரமே கழன்று விழும். மலை ஏறி, வெயிலில் பாரம் தூக்கிய பின்னேர விரல் வேறு. பதுளையில் வேலைக்கு வருகிற எந்த இரும்புத் தண்டையும் சூடாக இருக்கும்போது அளக்காதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதே விதியை அப்பாவுக்கும் பாவித்துவிட்டேன்.

உபதேசியார் அப்பாவின் விரலைப் பார்த்தார். "அண்ணே, நாலு சரணத்த மூணாக்கிருவோமா?"

"பாட்டுல கை வைக்காதீங்க. மக வளையத்துல வைக்கட்டும்."

"வெள்ளிக்கெழம இப்படி மாட்டினா ஊர்வலம் நிக்கும்."

"நிக்காது."

உபதேசியார் என்னைப் பார்த்தார். இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக்கினால் சரியாகும் என்றேன். அவருக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை வந்ததா என்று தெரியவில்லை. "சரி, அண்ணனே போடட்டும். தம்பி, நீ வளைவுல ரெடியா நில்லு" என்று முச்சக்கர வண்டிக்காரரிடமும் சொன்னார்.

திங்கள் பின்னேரம் அப்பாவை பதுளைக்கே வரச் சொன்னேன். பஸ் தரிப்பிடத்திலிருந்து பட்டறைக்கு நடக்கவைத்து, வந்த சூட்டோடு அளந்தேன். இரண்டே கால் மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டரை ராவினேன். உள் விளிம்பை உருட்டி, அந்த இடத்தை மட்டும் மினுக்காமல் எமரித் தாளோடு விட்டேன். வழுக்காமல் இருக்க அது வேண்டும். வளையம் பெரிதானதால் பிடி முன்பு போல் இறுக்கமில்லை. அதை அப்பாவிடம் சொன்னேன். "தெரியுது" என்றார்.

பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் மப்பாக இருந்தது, மழை இல்லை. வளைவில் அம்மாவும் அழும் பெண்களில் ஒருத்தராக முன்வரிசையில் இருந்தார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். பெண்கள் ஓடிவந்து, நீட்டிய வாளில் கை வைத்துத் தள்ளுவார்கள். படைத் தலைவர் அசையமாட்டார்.

முதல் இரண்டு சரணமும் வாள் நின்றது. மூன்றாவதில் இறங்கத் தொடங்கியது. நான் கூட்டத்துக்குப் பக்கவாட்டில் மண்மேட்டின் மேல் நின்றேன். நுனி நாலு விரல் இறங்கியது, பிறகு ஒரு சாண். முச்சக்கர வண்டிக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். அப்போது வாள் இறங்குவது நின்றது. நாலாவது சரணம் முழுவதும் அது அதற்குக் கீழே போகவில்லை. அலுமினிய அலகு நடுவில் கொஞ்சம் மேல் நோக்கி வளைந்திருந்தது. தள்ளினால் அது பக்கவாட்டில் வளைய வேண்டும். மேலே வளையாது.

பாட்டு முடிந்தது. அப்பா விரலை வெளியே எடுத்து, வாளை உறையில் போட்டு, தன் நாலு வரியையும் சொன்னார். ஊர்வலம் நகர்ந்தது.

இரவுச் சாப்பாட்டில் நான் அம்மாவிடம் கேட்டேன்.

"நீங்க தள்ளினீங்களா, தூக்கினீங்களா?"

"அழுதுகிட்டு இருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்" என்றார் அம்மா. அப்பா கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். "ஒன் அம்மா பதினொரு வருசமா தள்ளுற தள்ளு எனக்குத் தெரியும். இது வேற" என்றார்.

இப்போதைய நிலை: வாள் கோயில் பின்னறை அலமாரியில் எண்ணெய்த் துணி சுற்றி இருக்கிறது. அப்பாவுக்கு ஸ்டோரில் வாசல் காவல் வேலை, ரோலர் பக்கம் போவதில்லை. இந்த வருடம் படைத் தலைவராக நின்றவர் அவர். மூன்றாவது சரணத்தில் தன்னால் தனியாகத் தாங்க முடியவில்லை என்று உபதேசியாரிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடத்துக்குக் கமிட்டி இன்னும் கூடவில்லை. அலகை அரை சாண் குறைத்தால் என்ன ஆகும் என்று அப்பா என்னிடம் கேட்டார். கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் போடவில்லை.